ஒரு படத்தை அஞ்சு பேருக்குப் பிரிச்சுக் குடுத்து, மூண்டு பேர் சேர்ந்தாத்தான் தெரியிற மாதிரி வைக்க ஏலுமா?

படுவான்கரைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். சுருக்கிக் கேட்டா "பாஸ்வேர்ட் போடு" எண்டு ஒரு வரியில சொல்லிப்போட்டுப் போயிருவீங்க, அதால முழுக்கதையையும் எழுதுறன்.

எங்கட ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, மண்முனைப் பாலத்தத் தாண்டி உள்ளுக்க. ஊர்க்கோயில்ல அஞ்சு குடிக்கு, அதாவது தாய்வழி வாற அஞ்சு குலத்துக்கு, அஞ்சு வண்ணக்கர்மார், கோயில் பொறுப்பாளிகள். அதில ஒருத்தர் எங்கட அப்பா. நகைப்பெட்டிக்கு மூண்டு பூட்டு, மூண்டு திறப்பும் மூண்டு பேரிட்ட. ஒருத்தர் ஊரில இல்லாட்டிப் பெட்டி திறபடாது. முந்தி ஒருக்கா திறப்பு வச்சிருந்தவர் சொல்லாமக் கொள்ளாமப் போய்ச் சேர்ந்திட்டார். திறப்பத் தேடித் தேடிக் களைச்சு, கடைசியில கொல்லனக் கூட்டி வந்துதான் பூட்ட உடைச்சவங்க.

போன வருசம் சபை ஒரு நல்ல முடிவு எடுத்திச்சு. நகை ஒவ்வொண்டையும் தராசில வச்சு, நிறை தெரியிற மாதிரி போட்டோ எடுக்கிறது. ஏனெண்டா, எழுதி வச்ச பழைய கொப்பி 1978 சூறாவளியில கூரையோட போனதாம். பெரியம்மா வீடு நாவலடியில. 2004 சுனாமியில அவட காணி உறுதியும் சீதனக் கடதாசியும் போய், கிறுகி எடுக்க அவ பட்ட பாட்ட நான் கண்ணால பார்த்தவன். அதால நானும் சந்தோசமாப் போய் எடுத்துக் குடுத்தன். 41 நகைப்படம், பழைய உறுதி ரெண்டு பக்கம், எல்லாமா 43. நல்ல கெமரா என்ட போன்லதான் இருந்திச்சு.

படங்களக் கேட்டவங்களுக்கு வட்ஸ்அப்பில அனுப்பினன். அதுதான் நான் விட்ட பிழை. கொடியேறுறதுக்கு ரெண்டு கிழமை இருக்கக்குள்ள, மூண்டரைப் பவுண் பதக்கம் நிறையோட சேர்த்து ஆற்றயோ ஸ்டேட்டஸ்ல. ஒரு பெரியவர்ர போன வாங்கி விளையாடின பேரப்பிள்ளை செஞ்ச வேலை. களவு ஒண்டும் போகல்ல. ஆனா அண்டைக்கு இரவு பன்னெண்டு மணி மட்டும் கோயில் மண்டபத்தில ஒரே சண்டை. கடைசியில தீர்மானம் இது: படம் தனி ஒருத்தரிட்ட இருக்கப்படாது, அதுக்காக அழிஞ்சு போகவும் படாது, அஞ்சு பேரில எந்த மூண்டு பேர் சேர்ந்தாலும் பார்க்க ஏலுமா இருக்கணும், ரெண்டு பேர் சேர்ந்தா ஒண்டும் தெரியப்படாது.

நான் முதல் செஞ்சது, ஒவ்வொரு படத்தையும் அஞ்சு கீலமா வெட்டி ஆளுக்கொரு கீலம் குடுத்தது. அப்பா தன்ட பங்கப் பார்த்திட்டுச் சொன்னார்: "மனே, இதில பதக்கத்தில பாதி தெரியிது. மிச்சத்த ஆசாரி சொல்லிருவான்." அதோட ஒருத்தர் தொலைச்சா அஞ்சில ஒண்டு என்னெண்டாலும் போச்சு. ரெண்டு பக்கத்தாலயும் தோல்வி.

நான் அரிசி ஆலை ஒண்டில கணக்கு எழுதுறவன். டிப்ளோமாவில படிச்ச பைதன் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. வண்ணக்கர்மார் அஞ்சு பேரும் அறுபது தாண்டினவங்க. மாசம் மாசம் காசு கட்டுற சேவை ஒண்டும் வேணாம். வழி இருந்தாச் சொல்லுங்க.

—

வாகரை வாலிபன்:

பாங்க் லொக்கர்ல வச்சாச் சரி. இதுக்கேன் இவ்வளவு பாடு?

—

படுவான்கரைப் பொடியன்:

லொக்கர் ஆர்ர பேரில எண்டு கேட்டு இன்னொரு சண்டை பிடிக்க என்னால ஏலாது அண்ணன்.

—

கல்முனைக் கடைக்காரன்:

தம்பி, என்ட போட்டோக்கொப்பிக் கடையில நடந்த ஒண்டச் சொல்றன், உங்களுக்கு உதவுமா பாருங்க.

கம்பஸ் புள்ள ஒண்டு ரெண்டு ட்ரான்ஸ்பேரன்சி சீட் பிரின்ட் எடுக்க வந்திச்சு. எடுத்துப் பார்த்தா ரெண்டும் சிக்னல் இல்லாத டீவி மாதிரி ஒரே கறுப்பு வெள்ளைப் பொட்டு. ட்ரம் போயிட்டாக்கும் எண்டு நான் பயந்து மறுகா எடுத்தன். அதுவும் அப்பிடித்தான். புள்ள சிரிச்சிட்டு, ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சு வெளிச்சத்தில பிடிச்சிச்சு. உள்ளுக்க எழுத்துத் தெரியிது! கொம்பியூட்டரும் வேணாம், பாஸ்வேர்டும் வேணாம், கண் மட்டும் போதும். மோனி நாவோர், ஆதி ஷமீர் எண்டு ரெண்டு பேர் 1994ல சொன்ன முறையாம். ஆங்கிலத்தில விஷுவல் கிரிப்டோகிராபி எண்டு தேடினா வரும்.

வேலை இப்பிடி. படத்தில ஒரு புள்ளிய நாலு குட்டிப் புள்ளியா உடைக்கிற. அந்த நாலில எப்பவும் ரெண்டு கறுப்பு, ரெண்டு வெறுமை. எந்த ரெண்டு கறுப்பு எண்டுறது சீட்டுக் குலுக்கின மாதிரி எழுமாறா வரும். உண்மையில அந்தப் புள்ளி வெள்ளையெண்டா ரெண்டு தாளிலயும் ஒரே கோலம் போடுற. கறுப்பெண்டா மத்தத் தாளில எதிர்க்கோலம். மேல வச்சா வெள்ளைப் புள்ளி பாதிக் கறுப்பாச் சாம்பல் நிறத்தில நிக்கும், கறுப்புப் புள்ளி நாலும் மூடி முழுக் கறுப்பாப் போகும். ஒரு தாள மட்டும் வச்சிருக்கிறவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் எண்டாலும் ஒண்டும் எடுக்க ஏலாது. ஏனெண்டா அவன்ட தாளில எல்லா இடமும் பாதிக் கறுப்புத்தான்.

இப்ப கடைக்காரன்ட அனுபவம். பிரின்ட் எடுக்கக்குள்ள தாளுக்கு ஏத்த மாதிரி பெருப்பிக்கிற செட்டிங்க நிப்பாட்டுங்க, அளவு சரியா 100 வீதம் இரிக்கணும். ரெண்டு தாளும் ஒரே மெசின்ல, ஒரே பக்கத்தால போகணும். லேசர் சூட்டில சீட் கொஞ்சம் இழுபடும், ஒண்டு நேராயும் ஒண்டு குறுக்காயும் போனாப் பொட்டுக்குப் பொட்டு பொருந்தாது. பொட்டு ரொம்பப் பொடியா இரிந்தாலும் கை நடுங்குற ஆளுக்கு ஒட்டாது. புள்ள கொண்டு வந்த முதல் தாள் அப்பிடித்தான் வீணாப் போச்சு.

ஆனா நகைப் போட்டோவுக்கு இது சரிவராது தம்பி. பெரிய எழுத்து, இலக்கம், எங்கட கடைச் சீல் மாதிரிச் சாமான் நல்லா வரும். பதக்கத்தில கல்லு எத்தினை எண்டு எண்ண ஏலாது. அஞ்சில மூண்டு எண்டும் செய்யலாமாம், ஆனா தாள் கூடக்கூட மங்கல் கூடுமாம்.

—

ஓய்வுபெற்ற கணக்கு சேர்:

தம்பி, உங்கள் கோயில் பெட்டிக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய உறவு உண்டு. மேலே சொல்லப்பட்ட அதே ஷமீர் 1979 இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அது பூட்டுக் கணக்கு ஒன்றோடு தொடங்குகிறது: பதினொரு விஞ்ஞானிகள், ஓர் அலுமாரி, எந்த ஆறு பேர் வந்தாலும் திறக்க வேண்டும், ஐந்து பேர் வந்தால் திறக்கக் கூடாது. சாதாரணப் பூட்டுகளால் செய்தால் 462 பூட்டுகள் வேண்டும், ஒவ்வொருவரும் 252 திறப்புகள் சுமக்க வேண்டும். உங்கள் ஐந்து வண்ணக்கர்மாருக்கு இதையே போட்டுப் பார்த்தேன். எந்த இருவரை எடுத்தாலும் அவர்களால் திறக்க முடியாத பூட்டு ஒன்று இருக்க வேண்டும். ஐந்து பேரில் இருவரைப் பத்து விதமாகத் தெரிவு செய்யலாம். ஆகவே 10 பூட்டு, ஆளுக்கு 6 திறப்பு. பெட்டியை விடப் பூட்டுத்தான் பாரமாக இருக்கும்.

ஷமீரின் வழி, சாதாரண தரத்துப் பிள்ளைக்கும் விளங்கும். இரண்டு புள்ளி தெரிந்தால் ஒரு நேர்கோட்டை வரையலாம். ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால் அதனூடாக எத்தனையோ கோடுகள் போகும். x² வரும் வளைகோடான பரவளைவுக்கு மூன்று புள்ளி வேண்டும். உங்களுக்கு வேண்டியது மூன்று பேர் என்பதால் அந்த வளைவைத் தரும் இருபடிப் பல்லுறுப்பி (x² வரை போகும் கோவை) ஒன்றை எடுப்போம்.

கறுப்பு வெள்ளைப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலும் 0 தொடக்கம் 255 வரை ஓர் எண். 256 இற்குக் கீழே வரும் மிகப் பெரிய முதன்மை எண் 251. எல்லாக் கணக்கையும் 251 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். பதக்கத்தில் ஒரு பிக்சலின் பெறுமானம் 120. குணகங்கள் இரண்டை எழுமாறாக எடுக்கிறோம், 77 உம் 35 உம் வந்தன. இப்போது

120 + 77x + 35x²

என்பதில் x இற்கு 1, 2, 3, 4, 5 போட்டு மீதி எடுங்கள். முதலாம் வண்ணக்கருக்கு 232, இரண்டாமவருக்கு 163, மூன்றாமவருக்கு 164, நான்காமவருக்கு 235, ஐந்தாமவருக்கு 125. இவைதான் அந்தப் பிக்சலுக்கான பங்குகள். 120 எவரிடமும் இல்லை.

முதல் மூவரும் வந்தால்: முதலாமவரின் எண்ணை 3 ஆல் பெருக்குங்கள், 696. இரண்டாமவரின் எண்ணையும் 3 ஆல் பெருக்கிக் கழியுங்கள், 489 போக 207. மூன்றாமவரின் 164 ஐக் கூட்டுங்கள், 371. 251 ஐக் கழித்தால் 120. கடைசி மூவர் வந்தால் பெருக்கும் எண்கள் மாறும்: மூன்றாமவருக்கு 10, நான்காமவருக்குக் கழித்தல் 15, ஐந்தாமவருக்கு 6. அதாவது 1640 இல் 3525 போய் 750 வந்தால் −1135. அதனுடன் 251 ஐ ஐந்து தரம் கூட்டுங்கள். மீண்டும் 120. கல்குலேட்டர் இல்லாமலே செய்து பாருங்கள், சந்தேகம் தீரும்.

இருவர் மட்டும் சேர்ந்தால் என்ன தெரியும்? ஒன்றுமே தெரியாது. "கொஞ்சம் தெரியும், மிச்சத்தை ஊகிக்கலாம்" என்பதும் இல்லை. 0 முதல் 250 வரை எந்த எண்ணுக்கும் அந்த இரு புள்ளிகளோடு பொருந்தும் பரவளைவு ஒன்று இருக்கும், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. எத்தனை பெரிய கணினி வந்தாலும் இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை. உங்கள் கீலம் வெட்டும் முறையில் இதுதான் இல்லாமற் போயிற்று.

ஒரேயொரு சிறு குறை. 251 முதல் 255 வரையான மிக வெளிச்சமான பிக்சல்களை 250 ஆக்கிவிட வேண்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு புள்ளியும் மாறக் கூடாது என்றால் 256 உறுப்புகள் கொண்ட வேறொரு எண்தொகுதியில் இதே கணக்கைச் செய்யலாம், அதை இங்கே எழுதப் போனால் விடிந்துவிடும். அதே 1979 இல் பிளேக்லி என்பவரும் தனியாக, தளங்கள் வெட்டும் புள்ளியை வைத்து இதே காரியத்தைச் செய்தார்.

—

படுவான்கரைப் பொடியன்:

சேர், உங்களுக்குக் கோடி புண்ணியம். 207 வரக்குள்ள "சேர் பிழை விட்டிட்டார்" எண்டு நினைச்சிட்டன், மறுகாதான் 164 கூட்டணும் எண்டு பார்த்தன்.

வெள்ளிக்கிழமை ஆலை மூடினாப்போல இருந்து பைதன்ல எழுதி முடிச்சன். பதக்கப் படம் போட்டன், அஞ்சு படம் வந்திச்சு, அஞ்சும் கடைக்கார அண்ணன் சொன்ன சிக்னல் இல்லாத டீவிதான். நிறப்படம் எண்டதால சிவப்பு, பச்சை, நீலம் மூண்டுக்கும் தனித்தனியாச் செஞ்சன், அதால நிறநிறமாப் பொட்டு. மூண்டச் சேர்த்தன், பதக்கம் அப்பிடியே வந்திச்சு! இரவு ஒரு மணிக்கு அப்பாவ எழுப்பிக் காட்டினன். "ம்" எண்டிட்டுப் படுத்திட்டார்.

சந்தோசம் விடியுமட்டும்தான். ரெண்டு பிரச்சினை.

ஒண்டு, என்ட போன்ல எடுத்த படம் ஒண்டு 12 மெகாபிக்சல். முதல் 3, 4 எம்பிதான் இருந்திச்சு. பங்கு ஒண்டு 36 எம்பி வருகுது. 43 படத்துக்கும் ஆளுக்கு ஒண்டரை ஜிபி.

ரெண்டாவது இன்னும் மோசம். பரீட்சைக்கு எண்டு மூண்டு பங்கையும் மச்சான்ட போனுக்கு வட்ஸ்அப்பில அனுப்பி, அங்க இருந்து கிறுகி எடுத்துச் சேர்த்தன். பதக்கமும் இல்ல ஒண்டும் இல்ல, வெறும் மணல். என்ட புரோக்ராம் பிழையா எண்டு ரெண்டு நாள் மண்டையப் போட்டு உடைச்சன்.

—

ஒலுவில் பழைய மாணவி:

புரோக்ராம்ல பிழை இல்ல அண்ணன், வட்ஸ்அப் செஞ்ச வேலை. போட்டோவா அனுப்பினா அது படத்தச் சின்னதாக்கி ஜேபெக்கா மாத்தும். ஜேபெக், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வித்தியாசங்களத் தூக்கி எறிஞ்சுதான் இடத்த மிச்சம் பிடிக்குது. சாதாரணப் படத்தில 163, 164 ஆனா ஆருக்கும் தெரியாது. உங்கட பங்கில 163, 164 ஆனா சேர் சொன்ன கணக்கில மூண்டால பெருகி வேற எண்ணே வந்திரும். எல்லாப் பிக்சலும் அப்பிடி மாறினா மணல்தான். பங்குப் படத்த, ஒண்டையும் தூக்கி எறியாமச் சேமிக்கிற பிஎன்ஜியா வச்சு, "டொக்கியூமென்ட்" எண்டு அனுப்பினா மாறாமப் போகும்.

பெருசாகுற காரணமும் இதோட சேர்ந்ததுதான். எழுமாறா வந்த பொட்டில சுருக்குறதுக்கு ஒண்டும் இல்ல. 12 மில்லியன் பிக்சல், ஒவ்வொண்டுக்கும் மூண்டு பைட், 36 எம்பி. இதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. 2002ல தியென், லின் எண்ட ரெண்டு பேர், எழுமாற்றுக் குணகத்துக்குப் பதிலா அந்த இடத்தில படத்துட பிக்சலையே வச்சாங்க. மூண்டு பிக்சல ஒரு பல்லுறுப்பிக்குள்ள போட்டா மூண்டுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரு எண் போதும், பங்கு மூலப்படத்தில மூண்டில ஒண்டாச் சுருங்கும். ஆனா பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நிறமா இருக்கிறதால, அப்பிடியே செஞ்சாப் பங்கிலயே படத்துட நிழல் விழும். அதுக்காக முதல்ல பிக்சலையெல்லாம் ஒரு திறப்பு வச்சுக் கலைச்சுப்போட்டுத்தான் செய்வாங்க. சேர் சொன்ன "ஒண்டுமே தெரியாது" எண்ட உத்தரவாதம் இதில முழுசா இல்ல. நகைக்கு நான் இத எடுக்கமாட்டன்.

நான் செய்யிற மாதிரி எண்டாச் சொல்றன். படத்தப் பிரிக்காதீங்க. படத்துட பாஸ்வேர்டப் பிரியுங்க.

43 படத்தையும் செவன்சிப் எண்ட, பைல்களக் கட்டுற புரோக்ராம்ல ஒரே கட்டா, ஏஇஎஸ்-256 எண்ட மறையாக்க முறை போட்டுப் பூட்டுங்க. பைல் பேரையும் மறைக்கிற ஒப்ஷன் ஒண்டு இருக்கு, அதையும் தெரிவு செய்யுங்க, இல்லாட்டி "பதக்கம் மூண்டரைப் பவுண்" எண்டு பேரே காட்டிக் குடுத்திரும். பாஸ்வேர்ட் நீங்க யோசிச்சு வைக்கிறது இல்ல, கொம்பியூட்டர் எழுமாறாத் தாற 20 எழுத்து. அந்தப் பூட்டின கட்ட அஞ்சு பேருக்கும் முழுசாக் குடுங்க, அதுமட்டும் இருந்து ஒண்டும் செய்ய ஏலாது. 20 எழுத்த மட்டும் ஷமீர் முறையில அஞ்சாப் பிரியுங்க. லினக்ஸ்ல எஸ்எஸ்எஸ்எஸ் எண்டு நாலு எஸ் போட்ட ஒரு சின்ன டூல் இருக்கு, அதுக்கு மூண்டு, அஞ்சு எண்டு சொன்னாச் சரி. பங்கு ஒண்டு 40 எழுத்து வரும், ஒரு தாளில எழுதி மடிச்சு வைக்கலாம். ஒண்டு மட்டும் தெரிஞ்சு செய்யுங்க: பாஸ்வேர்டுக்குச் சேர் சொன்ன உத்தரவாதம் அப்பிடியே இருக்கு, படம் இப்ப ஏஇஎஸ்ஸ நம்பி நிக்குது. அது நம்பக்கூடிய பூட்டுத்தான்.

மறுகா, இதக் கட்டாயம் கவனிங்க. போன் போட்டோவுக்குள்ள எடுத்த இடமும் நேரமும் ஒளிச்சிருக்கும், பூட்ட முதல் அழிக்கலாம். அதவிட, அண்ணன்ட போன்ல மூலப்படம் எத்தினை இடத்தில கிடக்குது? கலரி, வட்ஸ்அப் போல்டர், அழிச்சது போய் ஒரு மாசம் இருக்கிற குப்பைப் பெட்டி, தானா ஏத்துற கூகுள் போட்டோஸ். அதெல்லாம் அங்க இருக்கட்டும் எண்டு விட்டிட்டுப் பரவளைவு வரைஞ்சு பிரயோசனமில்ல.

—

கல்முனைக் கடைக்காரன்:

தங்கச்சி சொன்னதோட ஒண்டு சேர்த்துக்கிறன். அந்தப் பங்குத் தாள எந்தக் கடையிலயும் பிரின்ட் எடுக்காதீங்க, என்ட கடையிலயும் வேணாம். பெரிய கொப்பி மெசினுக்குள்ளயும் ஹார்ட் டிஸ்க் இரிக்கி, எடுத்த கொப்பி அதுக்குள்ள கிடக்கும். எங்கட வயித்துப் பிழைப்புக்கு எதிராச் சொல்றன், கையால எழுதுங்க. தாளுக்கு லெமினேட் போட வேணுமெண்டா மடிச்சு ஒட்டின கவரா, உள்ள தெரியாமக் கொண்டு வாங்க. பில் அடிக்கிற ரோல் கடதாசியில மட்டும் எழுதிராதீங்க, லெமினேட் சூட்டுக்கு முழுக்கக் கறுத்துப் போகும்.

—

படுவான்கரைப் பொடியன்:

செஞ்சாச்சு. மூண்டு கிழமை பிந்தித்தான் எழுதுறன், குறை நினைக்காதீங்க. வேளாண்மை வெட்டு, ஆலையில தலை நிமிர நேரமில்ல.

தங்கச்சி சொன்ன மாதிரித்தான். ஆனா வீட்டில செய்ய அப்பா விடல்ல. அவர் கேட்ட கேள்வி இது: "மனே, பிரிக்கிறவன் நீ. பிரிக்க முதல் முழுசும் உன்னிட்டத்தானே கிடக்கு. அஞ்சு பேரில மூண்டு பேர் எண்டுறாய், நீ ஆறாவது ஆள். உனக்கு ஒருத்தரும் வேணாமே." எனக்குப் பதில் இல்ல. கோபமும் வந்திச்சு, உண்மையும் தெரிஞ்சிச்சு. நான் அம்மாட குடி, அப்பாட குடி வேற. அவருக்குப் பிறகு பொறுப்பு மாமிட மகனுக்குத்தான் போகும், எனக்கு வராது. அப்பிடிப்பட்டவனிட்டக் கோயில் நகை முழுசும் கிடக்குறது எண்டா ஊர் சும்மா இருக்குமா?

அதால கோயில் மண்டபத்திலயே, அஞ்சு வண்ணக்கர்மாரும் சுத்தி இருக்கச் செஞ்சன். பென்ட்ரைவ்ல இருந்து லினக்ஸ் ஓடுற மாதிரி ஒரு லெப்டொப், வைபை இல்ல. பாஸ்வேர்ட் வரக்குள்ள நான் திரையப் பார்க்கல்ல எண்டு சொன்னாப் பொய், ஆனா 20 எழுத்த ஆருக்கு ஞாபகம் நிக்கும். மண்டூர்க் கோயில்ல திரைக்குப் பின்னால வாய்கட்டிப் பூசை செய்யிற மாதிரி இருக்கு எண்டு ஒரு பெரியவர் சொல்ல எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அதோட கொஞ்சம் இறுக்கம் குறைஞ்சிச்சு. என்ட போன, வாங்கினண்டைக்கு இருந்த மாதிரி அவங்கட கண்ணுக்கு முன்னால அழிச்சன். கூகுள்ல இருந்தது முதல்நாளே போச்சு. மத்த நாலு பேர்ர போனையும் ஒவ்வொண்டா வாங்கி வட்ஸ்அப் போல்டரத் துப்பரவாக்கினதுதான் எல்லாத்திலயும் கூட நேரம் எடுத்த வேலை.

அவங்கவங்க பங்க அவங்கவங்க கையால எழுதினாங்க. எழுதி முடிய ஒரு ஒத்திகை பார்த்தம். முதல்ல ஒண்டு, ரெண்டு, நாலு. வந்தது குப்பை, பாஸ்வேர்ட் இல்ல. ஆர்ர தாளில பிழை எண்டு அந்த டூல் சொல்லாது. பெரியவங்க ஆள ஆள் பார்க்கத் துடங்கினாங்க. எனக்கு வேர்த்திட்டு. மறுகா சேர்ர கணக்கு ஞாபகம் வந்திச்சு: அஞ்சு பேரும் இருக்கக்குள்ள மூண்டு மூண்டாப் பத்து விதமாச் சேர்க்கலாமே. ஒண்டு, ரெண்டு, மூண்டு போட்டன், திறந்திச்சு. ஒண்டு, மூண்டு, அஞ்சு, அதுவும் திறந்திச்சு. நாலு வந்த இடமெல்லாம் குப்பை. நாலாம் தாள எடுத்துப் பார்த்தா, ஆங்கில 'பி' சின்ன எழுத்த அவர் 6 எண்டு எழுதியிருக்கார். திரையில அது அப்பிடித்தான் தெரிஞ்சதாம். இந்த ஒத்திகை பார்க்காம வீட்ட போயிருந்தா, இன்னும் பத்து வருசத்தில அந்த நாலாம் ஆளுக்குக் கள்ளன் பட்டம் கிடைச்சிருக்கும்.

அஞ்சு பென்ட்ரைவ், அஞ்சு கவர். ஒவ்வொரு வருசமும் கொடியேறுற அண்டைக்கு மூண்டு பேர் சேர்ந்து திறந்து பார்த்து, புதுப் பென்ட்ரைவுக்கு மாத்துறது எண்டு கொப்பியில எழுதியிருக்கு. எங்கட உப்புக்காத்துக்கு அதுவே கூட.

கடைக்கார அண்ணன், ரெண்டு ட்ரான்ஸ்பேரன்சி சீட் எடுத்து வையுங்க, அடுத்த சனிக்கிழமை வாறன். கோயில் பேர மட்டும் அந்த முறையில போட்டு அப்பாவிட்டக் காட்டணும். பரவளைவு அவருக்கு விளங்கல்ல, ரெண்டு தாளையும் கையில குடுத்தா விளங்கும்.

சேரிட்டக் கடைசிக் கேள்வி. மாமிட மகன் டோஹாவில. அவர் வந்து பொறுப்பெடுக்கக்குள்ள அப்பாட தாள அவருக்குக் குடுத்தாச் சரியா, இல்லாட்டி எல்லாத்தையும் திரும்பச் செய்யணுமா?

—

ஓய்வுபெற்ற கணக்கு சேர்:

கொடுத்தால் கணக்குப் பிழைக்காது. ஆனால் அப்பாவிடம் ஒரு பிரதி இருந்தாலும் இருக்கலாம் என்ற பேச்சு ஊரில் வரும். பாஸ்வேர்டையும் பூட்டிய கட்டையும் மாற்ற வேண்டாம். அதே 20 எழுத்தை மறுபடி ஐந்தாகப் பிரியுங்கள், இம்முறை வேறு 77, வேறு 35 வரும். பழைய தாளும் புதுத் தாளும் ஒன்றோடொன்று சேராது. பழையதில் மூன்றை எரித்தாலே மிச்சம் இரண்டும் வெறும் கடதாசி. ஆனாலும் ஐந்தையும் எரியுங்கள், மண்டபத்தில் வைத்தே.